ஏழு அரசுக் கதவுகள், ஒரு தனியார் பில்: 1992-இல் கொல்கத்தாவில் ஓர் இரவு

1992 ஜூலை 8, மாலை 7.45. மேற்கு வங்கத்தில் மதுராபூர் ரயில் நிலையம். விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுகிறார். தலையில் பலத்த அடி, மூளைக்குள் ரத்தக்கசிவு. அன்று இரவும் மறுநாள் காலையும் அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்த கதைதான் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல் வந்த தீர்ப்பைச் சட்டம் படிப்பவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். ஆனால் அதை ஒரு கணக்கு வழக்காக, அதாவது யார் கையிலிருந்து எவ்வளவு பணம் போனது என்று படித்தவர்கள் குறைவு. காப்பீடு இல்லாதவரின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு நம் நாட்டில் கிடைக்காது என்பது என் எண்ணம். தொழிலாளியின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது. இங்கே 'அந்தத் தொழிலாளி' என்றே சொல்கிறேன்.

முதலில் மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைக்காயத்தைப் பார்க்க அங்கே வசதி இல்லை. டயமண்ட் ஹார்பர் துணைக்கோட்ட மருத்துவமனைக்கோ வேறு ஏதாவது அரசு மருத்துவமனைக்கோ போகச் சொல்லி அங்கிருந்த மருத்துவ அலுவலர் அனுப்பினார். கொல்கத்தாவில் சியால்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது இரவு 11.45. அவசரப் பிரிவு மருத்துவர் பார்த்தார். மண்டையை இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று மருத்துவரே சொன்னார். ஆனால் அவசர அறுவைப் பிரிவில் படுக்கை காலி இல்லை. பொது அறுவைப் பிரிவிலும் இல்லை. வேறு இடம் பாருங்கள்.

நள்ளிரவு 12.20-க்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கும் படுக்கை இல்லை. 1 மணிக்குச் சம்பு நாத் பண்டிட் மருத்துவமனை. நரம்பு அறுவைக்கான அவசரப் பிரிவு இங்கே கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். 2 மணிக்குக் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. படுக்கை இல்லை. காலை 8 மணிக்குப் பாங்கூர் நரம்பியல் நிலையம். இதற்கிடையில் ஒரு தனியார் இடத்தில் 1,310 ரூபாய் கட்டி சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, நெற்றிப் பக்கம் மூளையில் ரத்தக்கசிவு, அவசர கேஸ், எங்களால் கையாள முடியாது என்றார்கள். காலை 10 மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. நரம்பு அறுவை வசதி இல்லை என்று அங்கும் திருப்பிவிட்டார்கள். விழுந்து 14 மணி நேரம் ஆகிவிட்டது.

கடைசியில் கல்கத்தா மெடிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஜூலை 9 முதல் 22 வரை உள்நோயாளியாக இருந்தார். உயிர் பிழைத்தார். செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் படாது. அந்த ஏழு இடங்களில் எங்குமே பணம் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஏழும் அரசு இடங்கள். ஏழை நோயாளிக்காகவே இருப்பவை. அங்கே இல்லாமல் போனது படுக்கையும், மூளை அறுவை செய்யும் வசதியும். பணம் என்ற பேச்சு ஸ்கேன் எடுத்த இடத்தில்தான் முதன்முதலாக வந்தது, அப்புறம் தனியார் மருத்துவமனையில் வந்தது. அரசு தன் மருத்துவமனைகளில் படுக்கை போடாமல் மிச்சம் பிடித்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், ஒரு விவசாயக் கூலியின் தலையில் 17,000 ரூபாயாக இறங்கியிருக்கிறது.

17,000 என்பது இன்று ஒரு நடுத்தர போன் விலை. அன்று அப்படி இல்லை. கிராமத்தில் நாள் கூலி 30 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 17,000 ரூபாய்க்கு 567 நாள் வேலை செய்ய வேண்டும். ஒரு நாள்கூட விடாமல், ஒரு ரூபாய்கூடச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் ஒன்றரை வருடம். விவசாயக் கூலிக்கு வருடம் முழுவதும் வேலை கிடைப்பதில்லை என்பது ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் வரும் மாதங்களைக் கழித்துவிட்டால் இந்தக் கடன் மூன்று நான்கு வருடம் கழுத்தில் தொங்கும்.

அவர் முன்பே காப்பீடு எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டில் தனிநபர் மருத்துவக் காப்பீடு 'மெடிகிளைம்' என்ற பெயரில் வந்ததே 1986-இல்தான். விற்றவை அரசின் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் மட்டும். மாதச் சம்பளக்காரரையும் நகரத்து வியாபாரியையும் மனத்தில் வைத்து வந்த பாலிசி அது. நெல் வயலில் கூலி வேலை செய்பவரைத் தேடி எந்த ஏஜென்ட்டும் போகவில்லை. காப்பீடு இல்லாமல் இருந்தது அவர் செய்த தவறு ஆகாது. வாங்கிக்கொள்ளும் இடத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

நீதிமன்றம் சொன்னது

அவர் பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர். சங்கமும் அவரும் சேர்ந்து அரசியலமைப்பின் 32-வது பிரிவின் கீழ் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனி ஆளாக இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. அடிபட்டு, கடன் வாங்கி, பிழைத்து, திரும்ப வேலைக்குப் போய், அத்தோடு முடிந்திருக்கும். அப்படி முடிந்துபோன கதைகள் எத்தனையோ.

மேற்கு வங்க அரசு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையில் விசாரணைக் குழு போட்டது. குழு 1995 மார்ச் 31-இல் அறிக்கை கொடுத்தது. சில இடங்களில் மருத்துவர்களும் நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும் என்று குழு சொன்னது. இதையடுத்து அரசு அதே வருடம் ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நோயாளியின் பெயரையும் நிலையையும் பதிவேட்டில் எழுத வேண்டும், எங்கே படுக்கை காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மையப் பிரிவு வேண்டும் என்பது போன்ற விஷயங்கள் அதில் இருந்தன. நள்ளிரவில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு "பெட் இருக்கா?" என்று கேட்க ஆள் இல்லாததால் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார்கள். இதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

1996 மே 6-இல் நீதிபதிகள் எஸ்.சி. அகர்வால், ஜி.டி. நானாவதி அமர்வு தீர்ப்பு வழங்கியது. உரிய நேரத்தில் சிகிச்சை கொடுக்காமல் விடுவது 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றது. மேற்கு வங்க அரசு அந்தத் தொழிலாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவி வசதி, மாவட்ட, துணைக்கோட்ட மருத்துவமனைகளின் தரம் உயர்த்தல், படுக்கை நிலவரம் சொல்லும் தகவல் மையம், ஆம்புலன்ஸ் என்று செய்ய வேண்டியவற்றையும் சொன்னது. இதற்கெல்லாம் பணம் வேண்டும்தான், ஆனால் பணம் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது தீர்ப்பின் மையம். வழக்கில் இல்லாத மற்ற மாநிலங்களும் இதன்படி நடக்க வேண்டும் என்றும் கூறியது. ஆகவே இது தமிழ்நாட்டுக்கும் எழுதப்பட்ட தீர்ப்புதான்.

பணக் கணக்கைப் பார்ப்போம். தொழிலாளி கொடுத்தது, ஸ்கேனை விட்டுவிட்டாலும், 17,000. கொடுத்தது 1992 ஜூலையில். அரசு கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது 25,000, அதுவும் 1996 மே மாதம். நடுவே மூன்று வருடம் பத்து மாதம். அந்தக் காலத்துக்குக் கந்துவட்டி போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றாலே 46 மாதத்தில் வட்டி மட்டும் 15,640 ரூபாய். அசலோடு சேர்த்தால் 32,640. வட்டிக்கு வாங்கிக் கட்டியவர் யாராக இருந்தாலும், உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகும் அவருக்கு ஏழாயிரத்துக்கு மேல் நஷ்டம்.

தீர்ப்பு சொல்லாமல் விட்டது

இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அரசு மருத்துவமனையில் இடம் இல்லாமல் நோயாளி தனியாரிடம் போனால், அந்த நிமிடத்திலிருந்து ஓடும் மீட்டருக்கு யார் பொறுப்பு என்று அது எந்த ஏற்பாடும் செய்யவில்லை. இழப்பீடு என்பது நடந்து முடிந்ததற்கு. இனி நடக்கப்போவதற்கு ஒரு வழி வேண்டும்.

இதற்கு ஏழு வருடம் முன்னால், 1989 ஆகஸ்டில், பரமானந்த் கட்டாரா வழக்கிலும் இதே கதைதான். ஸ்கூட்டரில் போனவரைக் கார் இடித்துவிட்டது. பக்கத்து மருத்துவமனை, இது போலீஸ் கேஸ் என்று சொல்லி 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துத்தான் வழக்கு. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறை அதற்கு அப்புறம் என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கேயும் கடமை மருத்துவருக்கு வந்தது, செலவு யாருக்கு என்ற பேச்சு வரவில்லை.

அமெரிக்காவும் 1986-இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் காப்பீடு உண்டா, பணம் உண்டா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பணத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒதுக்கீடு இல்லை. காப்பாற்றப்பட்டவர் வீட்டுக்குப் பின்னாலேயே பில் போகிறது. வராத பில்லை மருத்துவமனை வேறு எங்காவது ஈடுகட்டப் பார்க்கிறது.

நம் நாட்டில் 2006-இல் சட்ட ஆணையம் தன் 201-வது அறிக்கையில் அவசர சிகிச்சைக்கு ஒரு மாதிரிச் சட்டத்தையே எழுதிக்கொடுத்தது. மருத்துவமனைக்கு ஆகும் செலவை மாநில அரசு திருப்பிக் கொடுக்கும் திட்டம் வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆக, என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடவில்லை.

இந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது 2023-இல், ராஜஸ்தானில். மார்ச் 21-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது, நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு திருப்பிக் கொடுக்கும் என்றது சட்டம். தனியார் மருத்துவர்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். எது அவசரம் என்று யார் முடிவு செய்வது, அரசுப் பணம் எப்போது வரும், எந்த விகிதத்தில் வரும் என்பவை அவர்கள் பக்கத்துக் கேள்விகள். ஏப்ரல் 4-இல் உடன்பாடு வந்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகள் கட்டாயத்திலிருந்து விலக்கப்பட்டன. அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காதவற்றுக்கும் விலக்கு.

போராடிய மருத்துவர்களை இரக்கமில்லாதவர்கள் என்று திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன ஊரில் 20 படுக்கை வைத்து நடத்தும் ஒரு டாக்டருக்கு நர்ஸ் சம்பளம், ஆக்சிஜன், மருந்துக் கடைக் கடன், வங்கித் தவணை எல்லாம் உண்டு. இரவில் வந்த தலைக்காயத்தை எடுத்துப் பார்த்து, பில் ஆறு மாதம் தொங்கினால், அடுத்த தலைக்காயத்தை அவர் எடுக்க மாட்டார். "டாக்டர் ஊரில் இல்லை" என்று வாசலிலேயே பதில் வரும். சட்டத்துக்குப் பயந்து செய்யும் இலவசம் நெடுநாள் நிற்காது.

கவுண்டர் முன்னால் ஓர் இரவு

சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார இடமில்லாமல் கேஷ் கவுண்டர் எதிரிலிருந்த நாற்காலியில் இருந்தேன். இரவு பதினொன்றரைக்கு ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். கூட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், அவருடைய மச்சான். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

அட்வான்ஸ் 50,000 கட்டச் சொன்னார்கள். பையன் காப்பீட்டுத் திட்டக் கார்டு இருக்கிறது என்று ஒரு பாலிதீன் கவரை நீட்டினான். கவுண்டரில் இருந்த பெண் வாங்கிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். கார்டு விழுந்தவரின் அப்பா பெயரில். கல்யாணமான பிறகு இவர் பெயரை அந்த ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுக் கார்டுக்கு எழுதிப் போட்டிருந்தார், இன்னும் வரவில்லை.

"அண்ணா, இவர் பேரு இதுல காட்டலையே."

"போன வருஷம் வரைக்கும் இருந்துச்சுக்கா."

அந்தப் பெண் இரண்டு தடவை உள்ளே போன் போட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவை எழுந்து நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "கால்வாசியாவது போடச் சொல்றாங்கண்ணா, சிஸ்டத்துல என்ட்ரி ஆகாம ஓ.டி.க்கு அனுப்ப முடியலை" என்றாள். குரல் கம்மியிருந்தது. பையன் போனில் ஒவ்வொரு பெயராக அழுத்தினான். ஒருவர் 2,000 அனுப்பினார், ஒருவர் 500. அடகுக் கடை காலையில் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். போன் சார்ஜ் தீர்ந்துபோனது. என்னிடம் சார்ஜர் கேட்டு வாங்கிச் செருகிவிட்டு, சுவரோரம் நின்றபடியே பேசினான். இரண்டு மணிக்கு 108-ஐ வரவழைத்து, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கும்போது "தேங்க்ஸ்ணே" என்றான்.

காப்பீடு இல்லாதவர்கள் என்று ஒரு தனிக் கூட்டம் எங்கேயோ இருப்பதாக நினைக்கிறோம். அவர்களில் பலர் அந்த மரம் ஏறுபவர் மாதிரி, நேற்று வரை பட்டியலில் இருந்து இன்று ஒரு தாளுக்காகக் காத்திருப்பவர்கள். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, குடும்ப அட்டையில் பெயர், ஆதாரில் ஒரு எழுத்துப் பிழை என்று ஒவ்வொரு படியிலும் சிலர் கீழே விழுகிறார்கள். இன்னொரு பக்கம் வருமான வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்கள். தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு நீண்ட காலம் 72,000 ரூபாயாக இருந்தது. பிறகு 1,20,000 ஆனது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஜவுளிக்கடை ஊழியர் அந்தக் கோட்டுக்கு வெளியே. நான்கு லட்ச ரூபாய் ஆஸ்பத்திரி பில்லை அவர் கட்டிவிடுவார் என்று அந்தக் கோடு நம்புகிறது.

48 மணி நேரம்

2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 201 அரசு மருத்துவமனைகள், 408 தனியார் மருத்துவமனைகள், ஆக 609 இடங்கள். 81 வகைச் சிகிச்சை முறைகள், ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கியது. கார்டு இருக்கிறதா என்று கேட்பதில்லை. வருமானம் கேட்பதில்லை. தமிழ்நாட்டுக்காரரா, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவரா, வெளிநாட்டவரா என்றும் பார்ப்பதில்லை. தனியார் மருத்துவமனைக்குப் பணம் அரசிடமிருந்து போகிறது.

கொல்கத்தா தீர்ப்பு விட்டுவைத்த இடத்தை நேராக நிரப்புகிற ஏற்பாடு இது. ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வரும் முன்பே யார் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. கவுண்டரில் இருக்கும் பெண் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். தாய்லாந்தில் 2017 முதல் இதே யோசனை இன்னும் அகலமாக நடக்கிறது. உயிருக்கு ஆபத்தான எந்த அவசர நிலையிலும், பக்கத்தில் இருக்கும் எந்த மருத்துவமனையிலும், தனியார் உட்பட, முதல் 72 மணி நேரம் நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை.

48 மணி நேரம் முடிந்த பிறகு என்ன? முதல்வர் காப்பீட்டில் இருப்பவர் அதே மருத்துவமனையில் தொடரலாம். இல்லாதவரை, உடல்நிலை தாங்கும் என்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள். அங்கேயே இருக்க விரும்பினால் சொந்தக் காசு. இந்தப் பிரிப்பில் எனக்குக் குறை உண்டு, ஆனால் நியாயமும் தெரிகிறது. முதல் இரண்டு நாளில் குடும்பத்துக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. நள்ளிரவில் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. இதுவே பெரிய விஷயம்.

இந்திய அளவிலும் சாலை விபத்துக்கு ஒரு வழி வந்திருக்கிறது. அதன் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அந்த வழக்கு வருடக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-வது பிரிவு, விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்க மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருந்தும் திட்டம் வரவில்லை. 2025 ஜனவரி 8-இல் நீதிபதிகள் அபய் ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ் அமர்வு மார்ச் 14-க்குள் திட்டம் வேண்டும் என்று கெடு வைத்தது. அந்தக் கெடுவும் தாண்டி மே 5-இல் அறிவிக்கை வந்தது. ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய், ஏழு நாள் வரை.

இதில் எனக்குப் பிடித்தது பணம் வரும் வழி. காப்பீடு உள்ள வாகனம் என்றால் வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பங்கிலிருந்து. காப்பீடு இல்லாத வண்டி, இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் அரசுப் பணத்திலிருந்து. சாலையில் ஆபத்தை உண்டாக்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து போடும் உண்டியலிலிருந்து, அந்த ஆபத்தில் விழுந்தவருக்குச் செலவு. நோயாளியிடம் காப்பீடு இருக்கிறதா என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை.

சரி, மதுராபூருக்குத் திரும்புவோம். அந்தத் தொழிலாளி இன்று விழுந்தால் இந்த இரண்டு திட்டமும் அவரைப் பிடிக்குமா? பிடிக்காது. அவர் விழுந்தது ரயிலிலிருந்து. ரயிலிலிருந்து தவறி விழுபவருக்கு இழப்பீடு என்று ரயில்வே சட்டத்தில் 124-ஏ பிரிவு சேர்ந்தது 1994-இல்தான், அவர் விழுந்து இரண்டு வருடம் கழித்து. அதுவும் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, செல்லுபடியான டிக்கெட் வைத்திருந்த பயணிதான் என்று நிரூபித்து வாங்கும் பணம். அன்று இரவு எந்த கவுண்டரிலும் அது செல்லாது.

தென்னை மரம் ஏறினவரும் அப்படித்தான். சாரத்திலிருந்து விழும் சித்தாள், கிணறு வெட்டும்போது மண் சரிந்து மாட்டிக்கொள்பவர், பாம்பு கடித்தவர், வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவர், யாரும் இந்த 48 மணி நேரத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள். நடு ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து மூளையில் ரத்தம் கட்டினால் அரசு பணம் கட்டுகிறது. ரோட்டிலிருந்து இருபது அடி தள்ளி, தோப்புக்குள் மரத்திலிருந்து விழுந்து அதே மாதிரி ரத்தம் கட்டினால் மச்சான் போன் போட வேண்டும். ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் நூறு ரூபாயில் 39 ரூபாய் இன்னும் வீட்டிலிருந்துதான் வருகிறது. அதே வருடம் மத்திய மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவழித்தது நாட்டின் உற்பத்தி மதிப்பில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 சதவீதம் என்று 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்திருந்தது. காப்பீடு இல்லாதவரின் செலவு ஏற்கெனவே யாரோ ஒருவரால் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அடகுக் கடை ரசீதாக, பாதியில் நின்ற படிப்பாக, விற்ற ஆடாக. அதை வரிப் பணத்துக்கு மாற்றினால் நாட்டுக்குப் புதிதாக ஒரு சுமை முளைத்துவிடாது. சுமக்கும் தோள்கள்தான் மாறும், ஒரு குடும்பத்திலிருந்து எல்லோருக்கும்.

பணத்தோடு படுக்கையும் வேண்டும் என்பதை அந்த ஏழு கதவுகள் சொல்லிவிட்டன. 1992-இல் அவர் கையில் ஐந்து லட்ச ரூபாய்க்குக் கார்டு இருந்திருந்தாலும் என்.ஆர்.எஸ்.-இல் படுக்கை முளைத்திருக்காது. நேராகத் தனியாருக்குப் போயிருப்பார், 17,000 மிச்சமாகியிருக்கும், ஆனால் கிராமத்திலிருந்து கொல்கத்தா வரும் நான்கு மணி நேரம் அப்படியேதான் இருந்திருக்கும். தனியாருக்குப் பிரீமியம் கட்டும் அதே அரசு, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கும் மண்டையைத் திறக்கத் தெரிந்த ஒரு மருத்துவரை வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க புதுத் திட்டம் வேண்டியதில்லை. 609 மருத்துவமனைகளோடு தொடங்கிய ஏற்பாடு கையில் இருக்கிறது, பில் அனுப்பும் வழி இருக்கிறது, கார்டு கேட்காமல் சேர்த்துப் பழகிய ஊழியர்கள் இருக்கிறார்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற பெயரில் சாலை என்ற சொல்லே இல்லை. அது இருப்பது விதியில். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, முதலில் தலைக்காயத்துக்கும் உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்கும் மட்டுமாவது திறந்துவிடட்டும்.